சோற்றைக் குறைத்தவர் சந்தைக்குப் போகும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரையுள்ள ஊர்களில் ஒரு வீட்டின் மதியச் சாப்பாட்டைக் கவனித்தால், மாவுச்சத்து பெரும்பாலும் இரண்டே பொருள்களில் குவிந்திருப்பதைக் காணலாம். ஒன்று இலையின் நடுவில் குவியும் சம்பா அரிசிச் சோறு. மற்றொன்று அதற்குத் துணையாகவோ பதிலாகவோ வரும் மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கு. சுற்றிலும் இருக்கும் மீன்குழம்பு, புளிமுளம், பாகற்காய்த் தீயல், பயற்றங்காய்த் துவரன், கீரை, மோர் ஆகியவற்றில் அது குறைவு. ஆகவே குறைந்த மாவுச்சத்து உணவுமுறையைத் தொடங்குகிறவர் பாதாம் மாவையும் வெண்ணெய்ப்பழத்தையும் தேடி அலைய வேண்டியதில்லை. தொடுகறியைச் சாப்பாடாகவும் சோற்றைத் தொடுகறியாகவும் மாற்றிக்கொண்டால் போதும். சிக்கல் என்னவென்றால், நம் சந்தைப் பழக்கம் சோற்றை மனத்தில் வைத்தே வளர்ந்தது. நால்வருக்கு அரைக்கிலோ காய் போதும் என்று கை தானாகவே கணக்கிடுகிறது. அந்தக் கணக்குத் தவறினால் மூன்றாம் நாள் பசி எடுக்கும். நான்காம் நாள் பேருந்து நிலையத்துச் சிப்ஸ் கடையில் நிற்போம்.

தொடங்கும் முன் ஒரு செய்தியைச் சொல்லிவிட வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை எடுப்பவர்களும் மருந்தின் அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் திடீரென்று குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்தால், இரத்தத்தில் அமிலம் கூடும் கீட்டோஅசிடோசிஸ் என்னும் நிலை வர வாய்ப்புண்டு. இவர்களும், சிறுநீரக நோயாளிகளும், கருவுற்றிருப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டே பையை எடுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து எடுப்பதைப் பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு என்பார்கள். கீட்டோ என்றால் அது 20 முதல் 50 கிராம் வரை இறங்கும். வீட்டில் எல்லோருடனும் அமர்ந்து சாப்பிட வேண்டியவருக்கு 100 கிராம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு என்பது என் கருத்து. அதை இப்படிப் பிரிக்கலாம்: வெந்த சோறு 150 கிராம் எடுத்தால் ஏறத்தாழ 42 கிராம் மாவுச்சத்து, காய்களும் கீரையுமாக 400 கிராமுக்குச் சுமார் 20, ஒரு கைப்பிடிப் பயறு அல்லது பருப்பு, காய்ந்த எடையில் 30 கிராம், அதற்கு 18, துருவிய தேங்காய் 50 கிராமுக்கு 8, அதிலும் பாதிக்கு மேல் நார்ச்சத்து, தேநீருக்கான பால் 100 மில்லிக்கு 5, நிலக்கடலை 30 கிராமுக்கு 5. கூட்டினால் 98 வருகிறது. மீனுக்கும் இறைச்சிக்கும் கணக்கே இல்லை; முட்டை ஒன்றில் ஒரு கிராமும் இராது.

இந்த நாள்கணக்கை வாரக்கணக்காக்கினால் வாங்க வேண்டிய அளவு தெரிந்துவிடும். 150 கிராம் சோற்றுக்கு அரிசி 55 கிராம் அளவில் போதுமாகையால், ஒருவருக்கு ஒரு வாரத்துக்கு அரிசி 400 கிராமுக்கு மேல் தேவைப்படாது. காயும் கீரையும் மூன்று கிலோ வேண்டும். தண்டும் தோலும் போவதை எண்ணினால் மூன்றரைக் கிலோவாக வாங்குவது நல்லது. முட்டை பதினான்கு, வெட்டிக் கழுவும் முன் ஒன்றேகால் கிலோ மீன், நடுத்தரத் தேங்காய் இரண்டு அல்லது மூன்று, பயறு கால் கிலோ. முதல் வாரத்தில் இந்தக் காய்ப் பையைப் பார்த்து, கல்யாண வீட்டுக்கா என்று கடைக்காரர் கேட்பார். பெரும்பாலானோர் தடுமாறுவதும் இங்கேதான்: அரிசியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் வேறு எதையும் வைப்பதில்லை. மாலை நான்கு மணிக்கு வரும் பலகார ஆசையில் பாதி, மதியம் மீனும் முட்டையும் போதாமல் போனதால் வருவது.

அரிசியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இங்கே வேரூன்றியிருக்கிறது. சிவப்புச் சம்பா அரிசி சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது, ஆகையால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்பார்கள். அதில் தவிடும் நாரும் சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் மாவுச்சத்தின் எடையில் வெள்ளை அரிசிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கோதுமை, கேழ்வரகு, ஓட்ஸ் எதை எடுத்தாலும் நூறு கிராமில் ஏறத்தாழ 65 முதல் 80 கிராம் வரை மாவுச்சத்தே. இரவில் நான்கு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் சோற்றை விட்டுவிட்டேன் என்று மகிழ்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கிறார். கருப்பட்டியும் தேனும் இதே வரிசையில் சேர்ந்தவை. மார்த்தாண்டத்துத் தேனின் பெருமையில் எனக்கு ஐயமில்லை, ஆனாலும் நூறு கிராம் தேனில் 80 கிராமுக்கு மேல் சர்க்கரைதான்.

மரச்சீனியை விலக்குவது இன்னும் கடினம், ஏனென்றால் அது இந்த மண்ணின் நினைவோடு கலந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி வராமல் போனபோது தெற்குத் திருவிதாங்கூரின் வயிற்றைக் காத்தது இந்தக் கிழங்கே. அவித்த கிழங்கும் சாளை மீன் குழம்பும் என்றால் எனக்கும் நா ஊறும். ஆயினும் பச்சைக் கிழங்கு நூறு கிராமில் 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு தட்டுக் கிழங்கு அன்றைய முழு அளவையும் தின்றுவிடும். இதை அரைக்கிலோ என்று சிறிதாக வாங்கிப் பயனில்லை, வீட்டுக்கு வந்தால் அவித்தே தீர்வோம். மாதம் ஒரு நாள் குறித்துக்கொண்டு, அன்று மட்டும் வாங்கி, அன்று சோற்றை விட்டுவிடுவது நல்லது.

சந்தைக்குப் போகும் நேரமும் வழியும் பட்டியலைப் போலவே முக்கியமானவை. காலையில் இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சாப்பிட்டபின் போக வேண்டும். வெறும் வயிற்றோடு நாகர்கோவில் வடசேரி கனகமூலம் சந்தைக்குள் நுழைபவர் பழக்குலைகளைக் கடந்து வெளியே வருவது அரிது. முதலில் பலசரக்கு, அடுத்து காய், கடைசியில் மீன் என்ற வரிசையை நான் பின்பற்றுகிறேன். மீன் கெடாமல் இருப்பதற்கு மட்டும் அல்ல இந்த ஏற்பாடு. கையில் அயலை மீன் பொதி இருக்கும்போது யாரும் தேநீர்க்கடை பெஞ்சில் அமர்ந்து ஏத்தன் என்னும் நேந்திரம்பழ பஜ்ஜி கேட்க மாட்டார்கள். வெயில் ஏறும் முன் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் அடுமனைக் கண்ணாடிப் பெட்டியையும் தாண்ட வைத்துவிடும். என்னுடைய மன உறுதியைவிட அந்த மீன் வாடை எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

காய்களில் மண்ணுக்கு மேலே காய்ப்பவற்றை ஏறத்தாழக் கவலையின்றி எடுக்கலாம்: புடலை, பீர்க்கு, தடியங்காய் (நீர்ப்பூசணி), வெள்ளரி, கத்தரி, வெண்டை, பாகல், கொத்தவரை, பயற்றங்காய், முருங்கை, முட்டைக்கோசு. மண்ணுக்குக் கீழே விளையும் சேனை, சேம்பு, சீனிக்கிழங்கு, உருளை ஆகியவற்றை ஒதுக்க வேண்டும். வெங்காயமும் இஞ்சியும் பூண்டும் சேர்மானமாக வருவதால் பாதகமில்லை. இந்த விதிக்கு மாறாக மேலே காய்த்தும் மாவு நிறைந்திருப்பது வாழைக்காய். அவியலில் இதனால்தான் சிக்கல் வருகிறது. ஏத்தங்காயும் சேனையும் இல்லாமல் அவியலா என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். முருங்கைக்காயையும் தடியங்காயையும் கத்தரியையும் இரட்டித்து, தேங்காயும் சீரகமும் பச்சைமிளகாயும் சேர்ந்த அரைப்பைக் குறைக்காமல் போட்டு, இறக்கும்போது பச்சைத் தேங்காய் எண்ணெய் விட்டால் அந்தக் கேள்வி இரண்டாவது கரண்டியில் அடங்கிவிடுகிறது.

தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சிலர் இந்த உணவுமுறையில் அளவே வேண்டாம் என்று எழுதுகிறார்கள். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு. இரத்தத்தில் எல்டிஎல் என்னும் கெட்ட கொழுப்பு கூடியவர்கள் தாளிப்புக்கும் அவியலுக்கும் அதை வைத்துக்கொண்டு, வறுவலுக்கு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்குவது நல்லது.

இனி, சோதனைகளில் பெரிய சோதனையாகிய சிப்ஸ் கடை. ஏத்தங்காய்ச் சீவல் தேங்காய் எண்ணெயில் விழும் ஓசையும் மணமும் தெருமுனையிலேயே நம்மைப் பிடித்துக்கொள்ளும். ஐம்பது கிராம் சிப்ஸில் 30 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு, ஐம்பது கிராமோடு நிறுத்தியவரை நான் கண்டதில்லை. பிள்ளைகளுக்காக என்று வாங்கும் கால்கிலோப் பொட்டலம் யாருக்காக வாங்கப்படுகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும். கடைக்காரர் அன்போடு நீட்டும் இரண்டு சூடான சீவல்தான் இதில் கண்ணி. வாயில் போட்டபின் வாங்காமல் நகர்வது மரியாதையில்லை என்று நமக்குத் தோன்றிவிடும். எதிர்ச்சாரியில் நடப்பதைத் தவிர வேறு உபாயம் எனக்குத் தெரியவில்லை. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில், ஏத்தங்காய்த் துண்டை வறுத்து வெல்லப்பாகில் புரட்டிய சர்க்கரைவரட்டியும் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் சந்தைக்கு வேறொருவரை அனுப்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பழத்தை முற்றிலும் துறக்க வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டிப்பழம் சிறிய பழம். சதை ஐம்பது கிராம் என்றால் 11 அல்லது 12 கிராம் மாவுச்சத்து வரும், அன்றைய பயற்றைப் பாதியாகக் குறைத்து ஒன்று சாப்பிடலாம். முழு ஏத்தன்பழம் ஒன்று 45 கிராமை நெருங்கும், அதாவது ஒரு நாளைய சோறு. மட்டியைக் குலையாகவோ சீப்பாகவோ வாங்காமல், நான்கைந்து எண்ணி வாங்க வேண்டும். கொய்யாவும் நெல்லிக்காயும் இதைவிட எளிதானவை.

பொட்டலப் பொருள்களில் முன்பக்க வாசகங்களை நம்பக் கூடாது. நம் நாட்டுச் சட்டப்படி சேர்பொருள்கள் எடை அதிகமானது முதலாக வரிசையில் அச்சிடப்பட வேண்டும். நூறு கிராமுக்கு எவ்வளவு மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை என்பதும் பின்பக்க அட்டவணையில் இருக்கும். சர்க்கரை இல்லாத பிஸ்கட்டின் முதல் சேர்பொருள் மைதாவாக இருந்தால் அதைத் திரும்ப வைத்துவிடலாம். தேங்காய்ப்பால் பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது வழக்கம். அது சர்க்கரையைப் போல விரைவில் இரத்தத்தில் ஏறும் மாவுப்பொருள். தேங்காய் விளையும் ஊரில் இருந்துகொண்டு அந்தப் பொடியை ஏன் வாங்க வேண்டும் என்பது வேறு கேள்வி.

வீட்டில் மற்றவர்கள் வழக்கம்போல் சாப்பிடுவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசியும் குறைந்த விலைச் சர்க்கரையும் எப்படியும் வீட்டுக்கு வரும். உங்கள் வாரத்து 400 கிராம் அரிசியைத் தனி டப்பாவில் அளந்து வைத்துவிட்டால், பொது மூட்டையைப் பார்த்துக் கணக்குத் தவற வேண்டியிராது. முந்திரிக்கொத்தும் முறுக்கும் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் உள்ளிருப்பது தெரியாத மூடிய பாத்திரத்தில், மேல்தட்டில் இருக்கட்டும். கண்ணெதிரே வறுத்த நிலக்கடலையும் கழுவிய வெள்ளரிக்காயும் இருக்கட்டும். தேநீரில் இரண்டு கரண்டிச் சர்க்கரை என்பது எட்டு முதல் பத்து கிராம். நாளுக்கு மூன்று முறை குடிப்பவர் அதை நிறுத்தினாலே 24 முதல் 30 கிராம் வரை மிச்சமாகும். வாரத்துக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு அவ்வளவாக முறையிடாது.

ஆண்டில் ஒரு காலம் இந்த ஏற்பாடு முழுவதும் ஆட்டம் காணும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ளிட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை. ஒரு கரை மூடியிருக்கும்போது மறுகரை மீன் ஓரளவு வரும். ஜூன் முதல் இரண்டு வாரங்களில் இரண்டுமே மூடியிருப்பதால், வள்ளக்காரர்கள் கொண்டுவரும் சாளையும் நெத்தோலியும் விலை ஏறிவிடும். அந்த மாதங்களுக்கு முட்டையை வாரத்துக்கு இருபதாக உயர்த்திக்கொண்டு, கோழியையும் சேர்த்து, மே மாதத்திலேயே நெத்தோலிக் கருவாடு அரைக்கிலோ வாங்கி நன்றாக வெயில் காட்டிப் புட்டியில் அடைத்துவிட வேண்டும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதை வெந்நீரில் இருமுறை ஊற வைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, கத்தரிக்காயோடு தேங்காய் அரைத்துவிட்டு வைக்கலாம். குழம்பில் தனியாக உப்பு வேண்டாம்.