கதிரில் மணி குறைந்தால் குரோமோசோம்தான் குற்றவாளியா?

மாமாவுக்குக் கொழிஞ்சாம்பாறையில் தோட்டம். மாவட்டம் பாலக்காடு, ஆனால் வரப்பில் கேட்பதெல்லாம் நம் தமிழ்தான். நான் தாவரவியல் வாத்தியார் என்பதால், போன மாதம் ஒரு மக்காச்சோளக் கதிரை உரித்து நீட்டினார். நுனியில் மூன்று விரற்கடைக்கு மணியே இல்லை. “ஏன் மாப்ள, நீ சொல்லிக் கொடுக்கிற குரோமோசோம் கோளாறா இது?”

இல்லை. நுனியின் பட்டு இழைகள்தான் கடைசியாக வெளியே வரும். அந்தச் சமயத்தில் தண்ணீருக்கோ மகரந்தத்துக்கோ தட்டுப்பாடு வந்தால் நுனி காலியாகிவிடும். குரோமோசோம், அதாவது செல்லுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழை, காரணமென்றால் பொக்கைப் பல் போல, கதிர் முழுக்க அங்கங்கே மணி விட்டுப்போயிருக்கும்.

இன்னொரு தவறு, குரோமோசோம் மாறினாலே செடி குட்டையாகும் என்று நினைப்பது. ஒரு துண்டு தொலைந்துபோனால் அப்படி ஆகலாம். ஆனால் வெவ்வேறு ஜோடியைச் சேர்ந்த இரண்டு குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டால் பொதுவாக எதுவும் தொலைவதில்லை. செடி பக்கத்துச் செடி உயரத்துக்கே நிற்கும். வினை, மகரந்தம் உண்டாகும்போதுதான். அப்போது மாறிய இரண்டும் அவற்றின் மாறாத ஜோடிகள் இரண்டுமாக நான்கு குரோமோசோம்கள் சிலுவை வடிவில் கோத்துக்கொள்ளும். 1930-இல் அமெரிக்க மரபியலாளர் பார்பரா மெக்கிளின்டாக் மக்காச்சோளத்தில் இதைக் காட்டினார். அவை பிரியும்போது சில மகரந்தத்துக்கு ஒரு துண்டு இரட்டையாகவும் இன்னொரு துண்டு இல்லாமலும் போகும். சுமார் பாதி மகரந்தம் கெட்டுவிடும். அயோடின் விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: நல்லது மாவுச்சத்தோடு கறுத்திருக்கும், கெட்டது வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். மணியாக வேண்டிய சூல்களுக்கும் இதே கதிதான்; அதனால்தான் கதிரில் அங்கங்கே மணி விட்டுப்போகிறது.

இன்னொரு வகை மாற்றம், ஒரு துண்டு அதே குரோமோசோமில் தலைகீழாகத் திரும்புவது. அந்தத் துண்டில் குறுக்கேற்றமே (ஒரே ஜோடியின் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நடக்காது என்று மாணவர்கள் எழுதுவார்கள். நடக்கும். அப்படி வந்த பாலணுக்கள் (ஆண், பெண் இனச் செல்கள்) பெரும்பாலும் பிழைக்காததால் சந்ததியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

நேந்திரன் வாழையில் விதை இல்லாததையும் இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம். அதற்கு 33 குரோமோசோம், வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி. அங்கே பெரிய சிக்கல் எண்ணிக்கையில்.

அப்புறம், விதைக்கு எடுத்துவைப்பவர்கள் செய்யும் தவறு: கதிர் நிறைந்திருந்தால் குரோமோசோம் மாற்றமே இல்லை என்று நம்புவது. துண்டு மாறியதால் பாதி மணி மட்டும் பிடிக்கும் செடியைத் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ள வைத்தால், பிள்ளைகளில் கால்வாசி சாதாரணம், பாதி தாயைப் போல. மிச்சக் கால்வாசியில் ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று மட்டுமல்ல, இரண்டு குரோமோசோமுமே மாறியிருக்கும். எல்லாம் ஒத்துப்போவதால் அதன் கதிர் நிறைந்தே வரும்.

“அப்ப நல்ல கதிரையும் நம்பக் கூடாதுங்கிற” என்றார் மாமா. சாதாரணச் செடியோடு கலந்து பாருங்கள் என்றேன். அடுத்த தலைமுறை மொத்தமும் பொக்கைக் கதிராக வந்தால் தெரிந்துவிடும்.