ஜார்ஜ்டவுனில் காலைப் பொழுதைத் தொலைக்காதீர்கள்

போன வாரம் ஆர்மேனியன் தெருவில் ஒரு குடும்பம் வெயிலில் வரிசையாக நின்றது. மணி பதினொன்றரை, கையில் சுவரோவிய வரைபடம். பினாங்குக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் ஜார்ஜ்டவுனுக்குள் நடத்திக் காட்டுவது பல வருடங்களாக என் வேலை. முன்பு நானும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன், காலையைச் சுவரோவியங்களிலேயே தொலைப்பது. இப்படி வருகிறவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைக் கீழே சொல்கிறேன். தொப்பி, தண்ணீர் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

சுவரோவியத்தில் தொடங்குவது

2012-இல் எர்னெஸ்ட் சகாரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் அழகான ஓவியம். நிஜ சைக்கிளையே சுவரோடு பொருத்தியிருக்கிறார். தாராளமாகப் படமெடுங்கள். ஆனால் அது மதியமும் அங்கேதான் இருக்கும், ராத்திரியும் இருக்கும். மாரியம்மன் கோயிலில் மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது.

ஒருமுறை ஈப்போவிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். சுவர் சுவராகத் தேடியதில் இரண்டு மணி நேரம் போய்விட்டது. குவீன் தெருவுக்கு வந்தால் கோயில் கதவு சாத்தியிருந்தது. லிட்டில் இந்தியாவில் வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பொட்டலத்திலிருந்து எடுத்து, கதவுக் கம்பியில் சுற்றிவிட்டு, "சரிய்யா, வா போலாம்" என்றார். மூன்று மணிக்கு அவருக்குப் பஸ். பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் அது, 1833-இல் எழுந்தது. அவர் வந்ததே அதைப் பார்க்கத்தான். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் காலை எட்டு மணிக்கே பிட் தெருவுக்கு வந்துவிடுங்கள். இப்போதைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங். வடக்கு முனையருகே 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். அடுத்து ஊதுபத்திப் புகை சூழ்ந்த சீனக் கோயிலான குவான் யின் கோயில். பிறகு மாரியம்மன். அப்புறம், காதர் மொகிதீன் தலைமையில் தமிழ் முஸ்லிம்கள் 1801-இல் நிறுவிய பள்ளிவாசல். அங்கிருந்து ஆர்மேனியன் தெரு கூப்பிடு தூரம்தான், ஓவியத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மாரியம்மனின் முதுகைப் பார்த்துத் திரும்புவது

பிட் தெருவில் தெரிவது கோயிலின் பின்பக்கம். கோபுர வாசல் குவீன் தெருவில் இருக்கிறது, சுற்றிப் போங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல்

வேண்டாம்.

கூ கொங்சியின் நுழைவுக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பது

முந்தைய கட்டடம் தீயில் போனபின் கூ என்ற சீனக் குலத்தார் 1906-இல் கட்டி முடித்த குலமனை இது. உள்ளே போய்க் கூரை முகட்டை நிதானமாகப் பாருங்கள். அங்குள்ள பூவும் பறவையும் வண்ணக் கிண்ணங்களை உடைத்து, சில்லுகளை நறுக்கி, ஒவ்வொன்றாக ஒட்டிச் செய்தவை. ஒரு இதழுக்கு ஒரு சில்லு. காசு போனாலும் பரவாயில்லை, இதை விடாதீர்கள்.

கடைவீடுகளைக் கண்மட்டத்தில் மட்டும் பார்ப்பது

மலாக்காவோடு சேர்த்து 2008-இல் ஜார்ஜ்டவுனை உலகப் பாரம்பரியத் தலமாக யுனெஸ்கோ அறிவித்ததில் கீழே கடையும் மேலே வீடுமான இந்தக் கடைவீடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்ச்சாரியில் நின்று மாடிச் சன்னல்களைப் பாருங்கள். பிறகு அஞ்சடிக்குள், அதாவது கடைகளின் முன்னால் மாடிக்குக் கீழே ஓடும் நடைபாதைக்குள் வந்து தரையின் பூ ஓடுகளைப் பாருங்கள். திறந்த கதவு வழியாக உள்ளே வெளிச்சம் தெரிந்தால் அது முற்றம். குறுகி நீண்ட வீட்டுக்குக் காற்றும் வெளிச்சமும் அது வழியாகத்தான் வரும்.

நாகூர் தர்காவைத் தாண்டிப் போவது

சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் நினைவாக எழுப்பிய சிறிய தர்கா. சுவரை ஒட்டியே சின்னக் கடைகள் இருப்பதால் பலர் கவனிக்காமலே நடந்துவிடுகிறார்கள். நடையை மெதுவாக்குங்கள், தலைக்கு மேலே மினாராக்கள் தெரியும்.