ஒரே ரிஃப்பில் ஹார்ட் ராக் பழகுங்க

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் கிடார் வகுப்புக்குப் போகிற தம்பிகளும் அம்மணிகளும் நாலு கார்டு (பல சுரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிடி) கைக்கு வந்ததுமே வேகமான சோலோவுக்குத் தாவிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்க. டீப் பர்ப்பிள் என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் 1972 பாட்டு ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ இருக்கிறதே, அதன் ஆரம்ப ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தச் சின்னக் கிடார் துணுக்கை மட்டும் எடுத்து முழுசாகப் பழகுங்க.

இதை நிறையப் பேர் பிக்கால் (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு), ஒற்றைக் கம்பியில் வாசிக்கிறார்கள். அந்தக் குழுவின் கிடார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் விரலால் இரண்டு கம்பியைச் சேர்த்துக் கிள்ளுகிறார், டி கம்பிக்கு (நாலாவது) கட்டைவிரல், ஜி கம்பிக்கு (மூன்றாவது) ஆள்காட்டி விரல் என்று வைத்துக்கொள்ளுங்க, இரண்டும் ஒரே சமயத்தில் கிளம்புவதால்தான் அந்தக் கனம் வருகிறது. இரண்டு கம்பியிலும் ஃப்ரெட் (கழுத்திலுள்ள கட்டம்; 0 என்றால் அமுக்காத திறந்த கம்பி) 0, 3, 5. அப்புறம் 0, 3, 6, 5. மறுபடி 0, 3, 5, 3, 0. ஒரு விரலைப் படுக்க வைத்து அமுக்கினால் போதும்.

கஷ்டமெல்லாம் நடுவில் வரும் மௌனத்தில்தான். சத்தம் வெட்டினாற்போல் நிற்க வேண்டும்: இடது விரலைத் தளர்த்துங்க, ஆனால் கம்பியை விட்டு எடுக்காதீங்க, திறந்த கம்பியை வலது கை விரல் நுனியால் அணையுங்க. டிஸ்டார்ஷனில் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) சின்ன உரசல்கூடப் பெரிதாகக் கேட்கும், அதனால் முதலில் சுத்தமான டோன். யூடியூபில் வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கூடவே வாசியுங்க. சரியாக வந்தபிறகு கெய்னை (டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் திருகு) கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், பாதிக்கு மேல் தேவைப்படாது.