கோனா காபி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பையின் முன்பக்கத்தில் "கோனா" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது, விலையும் அதிகம், படத்தில் எரிமலை. இவ்வளவு போதும் என்று பணத்தைக் கொடுத்துவிடுபவர்கள்தான் அதிகம். அசல்தானா, தரமானதா, புதிதாக வறுத்ததா என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்குக் கிடைத்த பதிலை மற்றதற்கும் சேர்த்து எடுத்துக்கொள்வதால்தான் ஏமாற்றம் நேர்கிறது.

எது கோனா?

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் ஹவாய்த் தீவு என்றொரு பெரிய தீவு இருக்கிறது. அதன் மேற்குப் பகுதியில் ஹுவாலலாய், மௌனா லோவா எரிமலைச் சரிவுகளில் உள்ள வட கோனா, தென் கோனா மாவட்டங்களில் விளைந்தது மட்டுமே கோனா காபி. அதே தீவின் காவூ, புனா, ஹமாகுவா பகுதிகளிலும் நல்ல காபி விளைகிறது. கவாய், மாவி தீவுகளிலும் தோட்டங்கள் உண்டு. அவையெல்லாம் ஹவாய் காபி, கோனா அல்ல. "100 சதவீதம் ஹவாய் காபி" என்ற வரியைப் படித்துவிட்டுக் கோனா விலை கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அதைவிடப் பெரிய தவறு, கலவையைக் கோனா என்று நினைப்பது. "கோனா பிளெண்ட்" என்ற பெயரில் விற்க, 10 சதவீதம் கோனா இருந்தாலே போதும் என்று ஹவாய் சட்டம் நீண்ட காலமாக அனுமதித்து வந்திருக்கிறது. 200 கிராம் பையில் 20 கிராம்தான் கோனா. ஒரு கோப்பைக்கு 15 கிராம் தூள் போட்டால், கோனா என்று சொல்லத்தக்கது முழுப் பையிலும் ஒரு கோப்பைக்குச் சற்று மேல். மீதி 180 கிராம் வேறு எந்த நாட்டுக் கொட்டையாகவும் இருக்கலாம். இந்தக் குறைந்தபட்ச அளவை 51 சதவீதமாக உயர்த்தும் சட்டம் 2024இல் நிறைவேறியது. அது 2027 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் அது மாநிலச் சட்டம். ஹவாய்க்கு வெளியே வறுத்துப் பையில் அடைக்கும் நிறுவனத்தை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. நம் ஊர்க் காபித்தூள் பாக்கெட்டில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குபவர்கள் அதே கண்ணால் இதையும் பார்க்க வேண்டும். "100% கோனா" என்று எண்ணோடு எழுதியிருக்க வேண்டும். "கோனா ரோஸ்ட்", "கோனா ஸ்டைல்" என்ற சொற்கள் எந்த அளவுக்கும் உறுதி தருவதில்லை.

நாக்கை நம்புவது

"குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்" என்பார்கள். தெரியாது. 1990களில் கோனா காய் ஃபார்ம்ஸ் என்ற நிறுவனம் பனாமா, கோஸ்டா ரிகா கொட்டைகளைக் கோனா சாக்குகளுக்கு மாற்றிப் பல ஆண்டுகள் விற்றது. வாங்கியவர்கள் அனுபவமுள்ள வறுப்பாளர்கள். 1996இல் வழக்கு வந்தபோது அம்பலமானது ருசியால் அல்ல. நல்ல மத்திய அமெரிக்க அராபிகாவும் கோனாவும் ருசியில் அத்தனை நெருக்கம்.

மரபணுச் சோதனையும் இங்கே உதவாது. கோனாவில் பரவலாக உள்ள ரகம் டிபிகா. 1892இல் குவாத்தமாலாவிலிருந்து கொண்டுவந்த செடிகளின் வழி வந்தது அது. மரபணு ரகத்தைச் சொல்லும், விளைந்த மண்ணைச் சொல்லாது. மண்ணைக் காட்டிக்கொடுப்பவை தனிமங்கள். 2019இல் கோனா விவசாயிகள் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கோனா அல்லாததைக் கோனா என்று விற்பதாகப் பல நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கில் இதைத்தான் பயன்படுத்தினார்கள். ஸ்ட்ரான்ஷியத்துக்கும் துத்தநாகத்துக்கும் உள்ள விகிதம், பேரியத்துக்கும் நிக்கலுக்கும் உள்ள விகிதம் போன்றவற்றைக் கோனா மண்ணில் விளைந்த கொட்டைகளோடு ஒப்பிட்டார்கள். வறுத்தாலும் இந்த விகிதங்கள் பெரிதாக மாறுவதில்லை என்பதால் கடையில் வாங்கிய பையையே சோதிக்க முடிந்தது. சமரசத் தொகைகள் மொத்தம் 4.1 கோடி டாலரைத் தாண்டின. எனினும் இது வழக்குக்கான கருவி; ஒரு பை வாங்குபவர் செய்யக்கூடியதல்ல.

வாங்குபவர் கையில் இருப்பது கணக்கு. ஒரு பவுண்டு வறுத்த காபிக்கு ஏழெட்டு பவுண்டு பழம் வேண்டும். எல்லாம் கையால், பழுத்ததை மட்டும் தேர்ந்து, பல சுற்றுகளாகப் பறிக்கப்படுபவை. பழம் பவுண்டுக்கு 2 டாலர் என்று வைத்துக்கொண்டால்கூட 15 டாலர் பழத்துக்கே போய்விடும். தோல் நீக்குதல், உலர்த்தல், வறுத்தல், பை, அனுப்புசெலவு எல்லாம் அதன் மேல்தான். ஆகவே பவுண்டு 15 டாலருக்குக் கிடைக்கும் "100% கோனா"வை நம்ப முடியாது. ஆனால் 60 டாலர் விலை அசலுக்குச் சான்றும் ஆகாது. மலிவு சந்தேகத்துக்குக் காரணம், அவ்வளவுதான்.

பச்சைக் கொட்டை வாங்கும் வறுப்பாளர்கள் ஹவாய் வேளாண் துறையின் தரச் சான்றிதழைக் கேட்க வேண்டும். அதிலுள்ள லாட் எண் சாக்கின் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் எடையையும் சரிபார்க்க வேண்டும். 100 பவுண்டு சாக்கு, அதாவது 45 கிலோ, வறுத்தால் சுமார் 15 முதல் 18 சதவீதம் எடை குறைந்து 37, 38 கிலோதான் கிடைக்கும். ஒரு சாக்குக்கான சான்றிதழை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் விற்பவரிடம் மீதிக் காபி எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். சில்லறையில் வாங்குபவர் தோட்டத்தின் பெயர், விளைச்சல் ஆண்டு, தரம், வறுத்த தேதி ஆகிய நான்கையும் கேட்டால் போதும். நேர்மையான விற்பனையாளரிடம் இவை கைவசம் இருக்கும்.

தரப்பெயரை ருசி என்று நினைப்பது

எக்ஸ்ட்ரா ஃபேன்ஸி, ஃபேன்ஸி, நம்பர் 1, செலக்ட், பிரைம் என்று கோனாவுக்கு வரிசை உண்டு. நம்மிடம் பிளான்டேஷன் 'ஏ', 'பி' என்று பிரிப்பதைப் போல இதுவும் பச்சைக் கொட்டையின் அளவையும் குறைகளையும் வைத்துத்தான். எக்ஸ்ட்ரா ஃபேன்ஸிக்கு 19ஆம் எண் சல்லடை. துளையின் விட்டம் 19/64 அங்குலம், ஏறக்குறைய 7.5 மில்லிமீட்டர். ஃபேன்ஸிக்கு 18, நம்பர் 1க்கு 16. ஒரே அளவான கொட்டைகள் சீராக வறுபடும் என்பது உண்மை. பெரியதெல்லாம் ருசியானது என்பது உண்மையல்ல. பீபரி தனி வகை: பழத்துக்குள் இரண்டுக்குப் பதில் ஒரே உருண்டைக் கொட்டை. விளைச்சலில் சுமார் 5 சதவீதமே கிடைப்பதால் விலை கூடுகிறது.

ருசியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பறித்த பின் நடப்பதுதான். தோல் நீக்கிய கொட்டை 12 முதல் 24 மணி நேரம் புளிக்கிறது. நேரம் தவறினால் வினிகர் வாடை ஏறும். பிறகு ஹோஷிதானா எனப்படும், மழை வந்தால் கூரையை இழுத்து மூடக்கூடிய தளத்தில் காய்கிறது. ஈரப்பதம் 9 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். 12ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். 9க்குக் கீழே போனால் கொட்டை நொறுங்கும், ருசி வெளிறும்.

கொட்டையில் ஊசி குத்தியது போன்ற துளை இருந்தால் "போலி" என்று திருப்பி அனுப்புபவர்கள் உண்டு. அது காய்த்துளைப்பான் வண்டின் வேலை. 2010இல் கோனாவிலும் கண்டறியப்பட்டது. துளை தரத்தைப் பற்றிய செய்தி, பிறப்பிடத்தைப் பற்றியதல்ல. ஸ்பெஷாலிட்டி காபிக்கான, அதாவது உயர்தரக் காபிக்கான, பன்னாட்டு அளவுகோலில் 350 கிராம் பச்சைக் கொட்டையில் முழுதும் கறுத்த கொட்டை, முழுதும் புளித்த கொட்டை போன்ற முதல்நிலைக் குறை ஒன்றுகூட இருக்கக் கூடாது. இரண்டாம் நிலைக் குறைகள் ஐந்துக்கு மிகக் கூடாது. லேசாகத் துளைபட்ட பத்துக் கொட்டைகள் சேர்ந்தால்தான் ஒரு குறை என்று கணக்கு.

வறுத்த காபியில் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. 100 கிராமை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். மற்றவை பழுப்பேறியிருக்க, சில மட்டும் வெளிறி நின்றால் அவை பழுக்காத பழத்தின் கொட்டைகள். அரைத்தால் வேர்க்கடலைத் தோல் போன்ற வறண்ட ருசி வரும். ஒன்றிரண்டு இருந்தால் பொறுக்கி எறியலாம். கைப்பிடி அளவு இருந்தால் பறிப்பில் கவனமில்லை என்று பொருள். அந்தப் பைக்கு எக்ஸ்ட்ரா ஃபேன்ஸி விலை கொடுக்க வேண்டியதில்லை.

வறுப்பும் வடிப்பும்

எண்ணெய் மினுங்கும் கருவறுப்புக் கோனாவை வாங்காதீர்கள். மென்மையான புளிப்பு, பருப்பு மணம், நாட்டுச்சர்க்கரை போன்ற இனிப்பு ஆகியவைதான் இதன் அழகு. கருக்க வறுத்தால் கரியின் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்; கலப்படத்தையும் பழைய கொட்டையையும் மறைக்க வசதியானதும் அதுதான். நடுத்தர வறுப்பு, முழுக் கொட்டை, வறுத்து ஒரு மாதத்துக்குள். "பெஸ்ட் பிஃபோர்" தேதி மட்டும் போட்டு, வறுத்த தேதியை விட்டிருந்தால் கேளுங்கள். திறந்த பையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் ஈரமும் சாம்பார் வாடையும் ஏறும். காற்றுப்புகாத டப்பாவில், வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள்.

15 கிராம் கொட்டையை நடுத்தரமாக அரைத்து, 93 டிகிரி வெந்நீர் 240 மில்லியை மூன்றரை, நான்கு நிமிடத்தில் தாள் வடிகட்டி வழியாக இறக்குங்கள். பித்தளை ஃபில்டரில் கெட்டி டிகாக்‌ஷன் இறக்கிப் பாலும் சர்க்கரையும் சேர்த்தால் இந்த மென்மை அடங்கிப்போகும். அந்தக் காபிக்குக் குடகு, ஏற்காடு கொட்டைகளே பொருத்தம், விலையும் கட்டுப்படியாகும். கோனாவைப் பாலில்லாமல், சற்று ஆறவிட்டுக் குடியுங்கள். புளித்த வாடை, பூஞ்சை, சாக்கு நாற்றம் போன்ற குறைகள் சூடு தணிந்த பிறகுதான் நாக்கில் தெளிவாகப் படும்.