ஜெபித்ததும் ஜீப் வரக் கூடாது: சிறுவர் விசுவாச சாகசக் கதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓய்வுநாள் பள்ளி மலருக்கோ, வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வகுப்புக்கோ, தனிப் புத்தகமாகவோ கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சாகசக் கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பிள்ளைகள் இருட்டில் மாட்டிக்கொள்வார்கள். கதவு வெளியே பூட்டியிருக்கும். மூத்தவன் கண்ணை மூடி மூன்று வரி ஜெபிப்பான். அடுத்த பத்தியில் போலீஸ் ஜீப் வந்து நிற்கும். எழுதியவருக்கு இது விசுவாசம், படிக்கிற பதினொரு வயதுப் பையனுக்கு ஏமாற்று. அவனும் ஜெபித்திருக்கிறானே! அரையாண்டுத் தேர்வுக்காக, பாட்டியின் காய்ச்சலுக்காக. அவனுக்கு எந்த ஜீப்பும் வரவில்லை. கதைமேல் வருகிற சந்தேகம் அவனுடைய ஜெபத்தின்மேலும் படியும்.

தற்செயலோ அற்புதமோ பிள்ளைகளைச் சிக்கலுக்குள் தள்ளலாம். வெளியே கொண்டுவருவது அவர்களுடைய கையும் காலும் புத்தியுமாக இருக்கட்டும். அப்படியானால் விசுவாசத்துக்கு அங்கே என்ன வேலை? முடிச்சை இறுக்குகிற வேலை. திருப்புவனம் பக்கம் வைகையில் ராத்திரி மணல் அள்ளுகிற லாரியை அண்ணனும் தங்கையும் பார்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். லாரிக்காரர்களிடம் மாட்டும்போது ஒரு பொய் சொன்னால் தப்பிக்கலாம், ஆனால் பழி ஆற்றோரம் மாடு மேய்க்கிற கிழவர் தலையில் விழும். விசுவாசம் கதைக்குள் இல்லையென்றால் இது அரைப் பக்கக் காட்சி. இருந்தால் ஒரு முழு அத்தியாயம்.

இதற்கான பாடம் வேதாகமத்திலேயே இருக்கிறது. அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்தைக் கதை எழுதுகிறவரின் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். கைதியாகப் போகிற அப்போஸ்தலன் பவுலையும் சேர்த்துக் கப்பலில் 276 பேர், பதினாலு நாள் புயல். நடுவில் தேவதூதன் வந்து பவுலிடம் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகும் யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. ஆழம் பார்க்கிறார்கள்: இருபது பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி), கொஞ்சம் தள்ளிப் பதினைந்து பாகம். பாறையில் மோதிவிடுமோ என்று கப்பலின் பின்பக்கத்திலிருந்து நான்கு நங்கூரம் இறக்குகிறார்கள். கப்பலாட்கள் படகில் நழுவப் பார்க்கிறார்கள். பவுல் எச்சரிக்க, போர்வீரர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். கோதுமையைக் கடலில் கொட்டுகிறார்கள். கடைசியில் கப்பல் உடைகிறது. நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும், மற்றவர்கள் பலகையைப் பிடித்தும் கரையேறுகிறார்கள். வாக்கு நிறைவேறிற்று, கப்பல் போயிற்று. உங்கள் கதையிலும் ஏதாவது ஒரு கப்பல் போகவேண்டும்: அப்பா வாங்கித் தந்த சைக்கிள், பள்ளிக்கூடத்தில் நல்ல பெயர், நெருங்கிய ஒரு நண்பன். எதுவும் தொலையாமல் எல்லாம் திரும்பிவந்தால் அங்கே ஆபத்தே இருக்கவில்லை என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஜெபத்தைக் கதையிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. நெகேமியா 4:9-ல் ஜெபம் பண்ணினதும் இரவும் பகலும் காவல் வைத்ததும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. எழுதும்போது அந்த நெருக்கத்தைப் பின்பற்றுங்கள். ஜெபத்துக்கு இரண்டு வரி, உடனே அடுத்து அவர்கள் செய்கிற காரியம். ஜெபித்த பிறகு பயம் போகவில்லை என்றும் எழுதலாம், அது உண்மையும்கூட.

அடுத்த தவறு, பெரியவர்கள் செய்யவேண்டியதைப் பிள்ளைகளைச் செய்யவைப்பது. பன்னிரண்டு வயதுப் பெண் நான்கு தடியர்களை அடித்துக் கட்டிப்போட்டால் படிக்கிறவர் சிரிப்பார். அப்போஸ்தலர் 23-ல் பவுலைக் கொல்ல நாற்பது பேருக்குமேல் சதி செய்கிறார்கள். அது பவுலின் சகோதரி மகன் காதில் விழுகிறது. பவுலைக் காவலில் வைத்திருந்த கோட்டைக்குள் அவன் போய்ப் பவுலிடம் சொல்கிறான். அதன்பின் ரோம சேனாபதி அவன் கையைப் பிடித்துத் தனியே கூட்டிப்போய் விசாரிக்கிறான். அன்றிரவே 200 போர்வீரர், 70 குதிரைவீரர், 200 ஈட்டிக்காரர் கிளம்புகிறார்கள். அந்த வாலிபனின் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவன் கேட்டான், போனான், சொன்னான், அவ்வளவுதான். ஆனால் சதிகாரர்கள் நிறைந்த ஊரில் கோட்டை வாசல்வரை நடந்து போவது சின்ன விஷயமா? இரண்டாயிரம் சொல்லுக்குத் தாங்கும். மணல் லாரிக் கதையிலும் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை இதுதான்: வண்டி எண்ணை மனப்பாடம் செய்வது, நம்பக்கூடிய பெரியவர் யார் என்று தேர்ந்தெடுப்பது, அவரிடம் போய்ச் சேருவது. தேர்ந்தெடுத்த முதல் ஆள் தவறானவராக இருந்தால் கதை இன்னும் நன்றாக ஓடும்.

உச்சக்கட்டத்தில் உதவுகிற திறமையை முன்பே விதைத்துவிடவும் வேண்டும். தாவீது கோலியாத்துக்கு முன் நிற்பதற்கு முன்பே சிங்கத்தையும் கரடியையும் கொன்ற கதையைச் சவுலிடம் சொல்லிவிடுகிறான். சவுலின் கவசத்தைப் போட்டுப் பார்த்து, பழக்கமில்லை என்று கழற்றி வைக்கிறான். ஆற்றில் ஐந்து கூழாங்கல் பொறுக்குகிறான். தங்கைக்கு நீச்சல் தெரியும் என்பது வெள்ளம் வந்த பக்கத்தில்தான் தெரியவந்தால் அது எழுத்தாளரின் திருட்டு. கடைசியில் பயன்படப்போகிற திறமை அதற்குமுன் இரண்டு இடத்தில் தலைகாட்டட்டும். அதில் ஒருமுறை தோற்கட்டும்.

வெள்ளம் என்றதும் ஊர் விவரத்துக்கு வருவோம். மதுரையைக் களமாக வைத்துவிட்டு மே மாதத்தில் வைகையைக் கரைபுரள விடுகிறவர்கள் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு அணையிலிருந்து திறக்கிற தண்ணீரைத் தவிர, கோடையில் ஆறு பெரும்பாலும் மணலும் கருவேலமும்தான். வெள்ளம் வேண்டுமானால் அக்டோபர் முதல் டிசம்பர்வரையான வடகிழக்குப் பருவமழையில் கதையை வையுங்கள். அப்போது ஒரு கடிகாரமும் இலவசமாகக் கிடைக்கிறது. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. மூன்று எச்சரிக்கை, மூன்று அத்தியாயம். ஆற்றுக்குள் மறைந்திருக்கிற பிள்ளைகளுக்கு இரண்டாவது எச்சரிக்கை தெரியாமல் போனது ஏன் என்பதை மட்டும் நீங்கள் யோசித்தால் போதும். வெளிச்சத்தையும் சரிபாருங்கள். மே மாதத்தில் ஆறரை தாண்டித்தான் இருட்டும், நவம்பரில் ஆறு மணிக்கே மங்கிவிடும்.

புதையல் கதை என்றால் சட்டம் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்து கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கீழடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய காசுகள் கிடைத்து, பிள்ளைகள் அதை விற்று ஒழுகுகிற ஆலயக் கூரையை மாற்றுவதாக முடித்தால், படிக்கிறவர்களுக்குத் திருட்டைத்தான் கற்றுக்கொடுக்கிறீர்கள். அதையே திருப்பிப் பிடித்தால் கதை பிறக்கும். மழைக்கு முன் கூரை மாற்றியாக வேண்டும், காசு கையில் இருக்கிறது, யாருக்கும் தெரியாது, ஆண்டவருக்காகத்தானே என்று ஒரு குரல் உள்ளே சொல்கிறது. இங்கேயும் விசுவாசம் முடிச்சை இறுக்குகிறது பாருங்கள்.

சரித்திரக் கதையில் தவறுகள் இன்னும் பச்சையாகத் தெரியும். இயேசு சபைக் குருவான அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் கொல்லப்பட்டார். அந்தக் காலத்துக் கதையில் மறவர் நாட்டுச் சிறுவன் தமிழ் வேதாகமத்தைத் திறந்து வாசிக்க முடியாது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்ததே 1715-ல்தான். அவன் ஜெப மந்திரங்களையும் பாட்டுகளையும் காதால் கேட்டு மனப்பாடம் செய்தவன். ஓலை கிடைத்தால் பெரிய விஷயம், அந்த ஓலையை ஒளித்துவைப்பதே ஒரு சாகசம். அருளானந்தருக்குக் கறுப்பு அங்கி போட்டுவிடாதீர்கள், அவர் பண்டாரசாமி கோலத்தில், அதாவது தமிழ்த் துறவியைப் போல, நடந்தவர். அவரைத் தண்டித்த ராமநாதபுர மன்னர் சேதுபதியைக் காரணமில்லாத கொடுங்கோலனாக்குவதும் சோம்பல் வேலை. மறவர் நாட்டு இளவரசர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். அரண்மனைக்குள் அந்த அவமானம் எப்படி எரிந்திருக்கும் என்று எழுதினால் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் புரியும். மதுரை நகருக்குள் நடக்கிற கதை என்றால், கோட்டைச் சுவர் இடிபட்டது 1840-களில். அதற்கு முந்தைய கதையில் இன்றைய வெளி வீதிகள் இருக்கிற இடத்தில் அகழி இருக்கவேண்டும்.

வில்லன் யார் என்பதில் இரக்கமில்லாமல் கறாராக இருங்கள். கெட்டவன் பட்டையோ குல்லாவோ போட்டிருப்பதும், கடைசிப் பக்கத்தில் அவன் ஆலயத்துக்கு வந்து முழங்காலிடுவதும் நம் ஊர்ப் பிள்ளைகள் வாழ்கிற வாழ்க்கைக்குப் பொருந்தாது. அவர்கள் பெஞ்சில் பக்கத்தில் உட்காருவது இந்து, முஸ்லிம் நண்பர்கள்தான். அந்த நண்பன் கதையில் வந்தால் அவனுக்கும் ஒரு புத்திசாலித்தனம், ஒரு தைரியம் கொடுங்கள். மனமாற்றத்துக்குக் காத்திருக்கிற பாத்திரமாக நிறுத்திவைக்காதீர்கள். பிச்சைக்காரர், மனநலம் குன்றியவர், கறுப்பு நிறம் இவற்றைப் பயமுறுத்தும் அடையாளமாக்குகிற பழக்கமும் போகட்டும். சபைக்குள்ளேயே கணக்கை மறைக்கிற ஒரு பெரியவர் வில்லனாக இருக்கலாமே? அச்சில் வருவது கஷ்டம் என்பீர்கள். வந்தால் மறக்கமாட்டார்கள்.

பிள்ளைகள் படித்ததைச் செய்துபார்ப்பார்கள் என்பதை மறந்துவிட்டுப் பாம்புக் காட்சி எழுதுவது ஆபத்து. பவுல் கையில் கவ்விய விரியனை நெருப்பில் உதறினார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை; அதை நகலெடுத்து, கடிபட்ட பையன் ஜெபத்தால் மட்டும் எழுந்துவிட்டான் என்று எழுதாதீர்கள். கடிவாயைக் கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் தவறு. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், ஆகவே பாம்பைத் துரத்திப் பிடிக்கும் காட்சியும் தேவையில்லை. போகிற வழியில் தங்கை ஜெபிக்கட்டும். பாழுங்கிணற்றுக்குள் இறங்குவதும் (அடியில் மூச்சுவிடக் காற்று இல்லாமல் போகலாம்) மேலூர்ப் பக்கக் கல்குவாரித் தண்ணீரில் குதிப்பதும் வீரமாக வரக் கூடாது. "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று ஒரு பெரியவர் கேட்டு, பிள்ளை சொல்லாமல் இருப்பதை விசுவாசத்தின் அடையாளமாக ஒருபோதும் காட்டக் கூடாது. அவர் யாராக இருந்தாலும் சரி. அப்படி ஒரு காட்சி வந்தால் பிள்ளை சொல்லிவிடுவதாகவே எழுதுங்கள். சிறார் உதவி எண் 1098 கதைக்குள் இயல்பாக வர இடமும் கிடைக்கும்.

பேச்சில் இரண்டு வகைப் பிசகு. முதலாவது, "கர்த்தருக்குள் சந்தோஷமாயிருப்போமாக" என்று தம்பியிடம் பேசுகிற அண்ணன். மதுரைப் பையன் "அங்கிட்டுப் போகாதடா, இங்கிட்டு வா" என்பான். ஏதோ சினிமா ஞாபகத்தில் "ஏலே" போட்டால் திருநெல்வேலிக்குப் போய்விடுவீர்கள். இரண்டாவது, சபைச் சொற்களைக் கலப்பது. சி.எஸ்.ஐ. சபைகள் பலவற்றில் ஆயர் என்றால் ஊர்ச் சபையை நடத்துகிறவர், பேராயர் அவருக்கு மேல். கத்தோலிக்கருக்கு ஆயரே மறைமாவட்டத் தலைவர், ஊரில் இருப்பவர் பங்குத்தந்தை, பிள்ளைகள் வாயில் ஃபாதர். ஜெபமா செபமா, கர்த்தரா ஆண்டவரா, ஓய்வுநாள் பள்ளியா மறைக்கல்வியா என்பதும் அப்படித்தான் வீட்டுக்கு வீடு மாறும். முதல் பக்கத்திலேயே எந்த வீட்டுப் பிள்ளை என்று முடிவுசெய்து கடைசிவரை மாறாதீர்கள்.

பிரசங்கத்துக்கு ஒரு சோதனை உண்டு. தாத்தா விளக்கம் சொல்கிற பத்தியை அடித்துவிட்டுப் படியுங்கள். கதை குறையவில்லை என்றால் அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். எஸ்தர் புத்தகத்தின் எபிரெய மூலத்தில் கடவுளின் பெயர் ஒருமுறைகூட வராது, ஆனாலும் அது விசுவாசக் கதைதான். அத்தியாயத்துக்கு ஒரு வசனம் தாராளம், அதுவும் பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்படுகிற வசனம்.

அளவு: எட்டிலிருந்து பத்து வயதுக்கு அத்தியாயம் 500 முதல் 700 சொல், பதினொன்றிலிருந்து பதினாலுக்கு 1,000 முதல் 1,200. ஆங்கிலப் புத்தகங்களின் சொற்கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் ஒரே சொல்லுக்குள் மூன்று சொல் அடங்கியிருக்கும், ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை அதை எழுத்துக்கூட்டித்தான் தாண்டும். வாக்கியம் பத்துச் சொல்லுக்குள் நிற்கட்டும். எழுதி முடித்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். திக்குகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள், "அப்புறம்?" என்று கேட்காத இடத்தில் அத்தியாயத்தை.