ஓடு உடைந்த ஆமை: அவசர நேரத்தில் நாம் செய்யும் தவறுகள்

சிவப்புக் காது ஆமையை வீட்டில் வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அதன் ஓட்டை உயிரற்ற ஒரு மூடியாக எண்ணிவிடுவது. ஆமை பால்கனியிலிருந்து விழுந்தோ, நாய் கவ்வியோ ஓட்டில் விரிசல் கண்டால், "ஓடுதானே, தானாகக் கூடிவிடும்" என்று சொல்லித் தொட்டியிலேயே மறுபடி விட்டுவிடுகிறார்கள். மேலே தெரியும் செதில்களுக்கு அடியில் இருப்பது இரத்த ஓட்டமும் நரம்புகளும் கொண்ட எலும்பு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் அந்த ஓட்டோடு ஒன்றாகிவிட்டவை. நுரையீரலோ முதுகு ஓட்டின் உட்புறத்தை ஒட்டியே இருக்கிறது. ஆகவே ஓட்டில் விழும் விரிசலை எலும்பு முறிவாகவே கருத வேண்டும்.

நான் பார்த்த ஓர் ஆமைக்கு வலப்புறத்தில் விரல் நீள விரிசல் மட்டுமே இருந்தது; இரத்தம்கூட அதிகம் இல்லை. உற்றுப் பார்த்தபோதுதான், அது மூச்சு விடுந்தோறும் விரிசலின் ஓரத்தில் கடுகளவு குமிழி எழுந்து உடைவது தெரிந்தது. குமிழி தெரிந்தால் காயம் நுரையீரல் வரை சென்றிருக்கலாம் என்று பொருள். ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. நிற்காத இரத்தப்போக்கு, வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்தல், மலவாய் வழியே சதை வெளியே தள்ளியிருத்தல் ஆகியவையும் அதே அளவு அவசரமானவை.

நாய்க்கடியில் ஏமாறுவது எளிது. பல் பதிந்த துளை சிறியதாகத் தெரியும், ஆமையும் தீனி எடுக்கும். ஆனால் நாயின் வாயிலுள்ள கிருமிகள் ஆழத்தில் இறங்கியிருக்கும். ஆமைகள் நோவை வெளிக்காட்டாமல் அடக்கிவைப்பவை என்பதால், சோர்வு கண்ணுக்குத் தெரியும் நாளில் சீழ் உள்ளே பரவியிருக்கக்கூடும். எத்தனை சிறிய கடியானாலும் அன்றே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

என்னை மிகவும் வருத்துவது, விரிசலைப் பசை கொண்டு அடைத்துவிடும் பழக்கம். முன்பு மருத்துவர்களே பிசின் பூசி மூடியதுண்டு. அப்படி மூடினால் கிருமிகள் உள்ளேயே சிக்கி, வெளியே நேர்த்தியாகத் தெரியும் ஓட்டுக்கு அடியில் எலும்பு அழுகக்கூடும் என்பதால், இப்போது காயத்தைத் திறந்தபடி சுத்தம் செய்து ஆற்றுவதையே பெரிதும் விரும்புகிறார்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்; அவற்றைச் சுரண்டி எடுப்பதே ஆமைக்கு இன்னொரு வதை. சலைன் நீரால் மெதுவாகக் கழுவி, சுத்தமான ஈரத் துணியால் மூடினால் போதும். தொட்டி நீரில் விடவே கூடாது. அழுக்கு நீர் காயத்துக்குள் புகும், தளர்ந்த ஆமை மூழ்கியும் போகும். ஈ மொய்த்தால் ஒரே நாளில் புழு வைத்துவிடும் என்பதால் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள்.

மனிதருக்கான வலி மாத்திரை கொடுக்காதீர்கள். நாய், மாடுகளுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஆமையின் உயிரையே பறிக்கும். அசைவற்றுக் கிடக்கிறது என்பதற்காக இறந்துவிட்டதாக முடிவு கட்டிப் புதைத்துவிடவும் வேண்டாம். ஆமையின் இதயம் மிக மெதுவாகத் துடிக்கும், அதை மருத்துவரே உறுதி செய்யட்டும்.

நட்சத்திர ஆமை வைத்திருப்பவர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அஞ்சி, அடிபட்டதையே மறைத்துவிடுகிறார்கள். அதை வளர்ப்பது குற்றம்தான். ஆனால் அந்த அச்சத்துக்காக ஓர் உயிரைச் சாகவிடுவது கொடுமை. வனத்துறையிடம் ஒப்படைத்தால் அதற்குச் சிகிச்சையாவது கிடைக்கும்.

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரிக்கலாம். காற்றோட்டமுள்ள பெட்டியில் துண்டு விரித்து, ஏசி காற்று படாமல் கொண்டுசெல்லுங்கள். உடல் குளிர்ந்தால் அதன் நோய் எதிர்ப்பாற்றலும் குன்றும். தொங்கும் ஓட்டுத் துண்டைப் பிய்க்காதீர்கள். தனியே விழுந்த துண்டு இருந்தால் ஈரத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று, அடிபட்ட நேரத்தையும் சொல்லி மருத்துவரிடம் கொடுங்கள்.