புது சிலிண்டர் மாட்டியதும் கேஸ் கசிகிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

போன ஆடி மாதம் எங்கள் சமையலறையில் மூன்று நாள் லேசாக கேஸ் வாடை. சமைக்கும் நேரத்தில் வரும். இரவு ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுத்தால் காலையில் ஒன்றும் இருக்காது. முதலில் கண்டுபிடித்தது அம்மா. "உங்களுக்கு எப்பவும் ஏதாவது வாடை வரும்" என்று நான்தான் பேச்சை முடித்துவிட்டேன். மூன்றாம் நாள் எனக்கே வந்தது.

ட்யூப் பழசாகியிருக்கும் என்று புதிது வாங்கி மாட்டினேன். போகவில்லை. அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துத் துடைத்தேன். போகவில்லை. கடைசியில் பார்த்தால் கோளாறு மோதிரம் அளவுள்ள ஒரு ரப்பர் வளையத்தில்! அதை நாமே கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரும் இரண்டு நிமிடமும் போதும்.

இது 14.2 கிலோ வீட்டு சிலிண்டருக்கும், மேலே அமுக்கி மாட்டும் ரெகுலேட்டருக்கும் மட்டும் பொருந்தும். குழாய் வழி வரும் கேஸ் வேறு கதை. பழைய சிலிண்டரைக் கழற்றுவது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் முகத்தில் அடிப்பது போல வாடை வந்தால் இந்தப் பரிசோதனை எதுவும் வேண்டாம். நேராகக் கீழே "வாடை பலமாக இருந்தால்" என்ற பகுதிக்குப் போங்கள்.

சிலிண்டர் வாசலில் இருக்கும்போதே

மேல் வளையத்தைத் தாங்கும் பட்டைகளில் ஒன்றின் உள்பக்கம் ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் பெரிதாக எழுதியிருக்கும். பி-28 என்று இருந்தால், 2028 ஏப்ரல் முதல் ஜூனுக்குள் அந்த சிலிண்டரை மறுபரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ என்றால் ஜனவரி–மார்ச், சி என்றால் ஜூலை–செப்டம்பர், டி என்றால் அக்டோபர்–டிசம்பர். தேதி தாண்டியதை வாங்காதீர்கள். காலி சிலிண்டரின் எடையும் அங்கேயே இருக்கும். அதோடு 14.2 கூட்டினால் வர வேண்டிய எடை. கேஸ் போடுகிறவரிடம் தராசு இருக்க வேண்டும், கேட்டால் நிறுத்துக் காட்டுவார்.

இதைவிட முக்கியம், அவர் கிளம்புவதற்குள் வெள்ளை மூடியைத் திறந்து வால்வின் வாய்க்குள் பார்ப்பது. உள்சுவரில் ஒரு பள்ளமும், அதில் உட்கார்ந்த கறுப்பு வளையமும் தெரிய வேண்டும். அதுதான் வாஷர். அது வெடிக்காமல், முறுக்கிக்கொள்ளாமல், மண் ஒட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் வாஷரே இருக்காது. அன்றைக்கு நான் போனில் பேசிக்கொண்டே "வச்சிட்டுப் போங்கண்ணா" என்று கையைக் காட்டிவிட்டேன். பார்த்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

மாட்டுவது

ரெகுலேட்டரின் குமிழ் மூடிய நிலையில் இருக்கட்டும். அடியில் உள்ள கறுப்பு வளையத்தை மேலே தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக அமுக்கி, வளையத்தை விடுங்கள். 'டக்' என்று விழ வேண்டும். பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. மூடியை நூலோடு சிலிண்டரிலேயே தொங்கவிடுங்கள். வெட்டி எறியாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

சோப்புத் தண்ணீர்

அரை டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட். துணி சோப்புத் தூள் கரையாமல் திப்பித் திப்பியாக நிற்கும், எனக்குப் பிடிக்கவில்லை. லிக்விடை விட்டு ஸ்பூனால் மெதுவாகச் சுற்றுங்கள், அடித்துக் கலக்காதீர்கள். நான் முதல் தடவை பழைய பல் துலக்கும் பிரஷால் நுரை பொங்கப் பொங்கத் தேய்த்தேன். எல்லா இடமும் வெள்ளை நுரை, எது கசிவு எது சோப்பு என்றே தெரியவில்லை. "ஒண்ணுமில்லை, நல்லா இருக்கு" என்று எழுந்துவிட்டேன். நுரை இல்லாத சோப்புத் தண்ணீர்தான் வேண்டும். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் சின்ன ஸ்ப்ரே பாட்டில் சுகம், இல்லாவிட்டால் ஸ்பூனால் சொட்டுச் சொட்டாக விடலாம்.

பகலில் செய்யுங்கள். ஜன்னல் கதவெல்லாம் திறந்திருக்கட்டும். பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக் கூடாது. தீக்குச்சியைக் கொளுத்திக் கிட்டே காட்டிப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம்.

நான் தவறவிட்ட இடம்

அடுப்பின் திருகுகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும். பாதுகாப்பாகச் செய்கிறோம் என்று நினைத்து நான் ரெகுலேட்டரை மூடிவிட்டுச் சோப்புத் தண்ணீர் விட்டேன். இரண்டு தடவை. அப்படிச் செய்தால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால்:

வால்வுக்குள் ஸ்பிரிங் வைத்த ஓர் ஊசி இருக்கிறது. ரெகுலேட்டர் மூடியிருக்கும்போது அந்த ஊசி மேலேயே நின்று கேஸை அடைத்துக்கொள்ளும். குமிழைத் திறந்தால்தான் ஊசி கீழே அமுங்கி கேஸ் வால்வின் வாய்க்கு வரும். வந்த கேஸ் ரெகுலேட்டரைச் சுற்றி வெளியே போகாமல் தடுப்பது அந்த வாஷர் ஒன்றுதான். ஆகவே வாஷர் கெட்டிருந்தால் திறந்திருக்கும்போது மட்டும் கசியும், மூடினால் நின்றுவிடும். இரவில் வாடை இல்லாமல் சமைக்கும்போது மட்டும் வந்ததன் காரணம் இதுதான். ட்யூப் கசிந்தாலும் இப்படித்தான் நடக்கும் என்பதால், எந்த இடம் என்று குமிழியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

சோப்புத் தண்ணீர் விடும் வரிசை: ரெகுலேட்டரும் வால்வும் சேரும் இடம், ரெகுலேட்டரில் ட்யூப் ஏறும் இடம், ட்யூப் வளைகிற இடங்கள், ட்யூப் அடுப்பில் சேரும் இடம், கடைசியாக அடுப்புத் திருகுகளின் அடி. ஒவ்வோர் இடத்திலும் இருபது எண்ணும் வரை கண்ணை எடுக்காமல் பாருங்கள். சுற்றிவரப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் கசிந்தது சுவரைப் பார்த்த பக்கம். சிலிண்டரைக் கொஞ்சம் திருப்பி வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது. கடுகு அளவில் ஒரு குமிழி. மெதுவாக உப்பி மிளகளவு ஆகி உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது கிளம்பியது. ரெகுலேட்டரை மூடினேன், நின்றது. திறந்தேன், மறுபடி கடுகு.

விட்டவுடன் தெரியும் குமிழிகள் எல்லாம் கசிவல்ல. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கிளம்பி வளர்வதுதான் கசிவு.

குமிழி வந்தால்

ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வெள்ளை மூடியை வால்வில் அமுக்கிப் போட்டு, ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். ஏஜென்சி எடுக்கவில்லையென்றால் 1906. கேஸ் கசிவுக்கென்றே உள்ள எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் சின்னக் கொக்கி ஒன்றால் பழைய வாஷரை நெம்பி எடுத்துப் புதியதை உள்ளே விட்டார். பத்து விநாடி. பழையதைக் கையில் கொடுத்தார், ஓரிடத்தில் நகத்தால் கிள்ளியது போல வெட்டு.

ட்யூபில் குமிழி வந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள். உள்ளே கம்பி வலை வைத்த, ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஆரஞ்சு நிற ரப்பர் ட்யூப்தான் என் சிபாரிசு. பச்சை பிளாஸ்டிக் ட்யூப் மலிவு, வாங்காதீர்கள். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி ட்யூப் மேலேயே அச்சிட்டிருக்கும். அழுக்காகாமல் இருக்க அதற்குத் துணி உறை தைத்துப் போடும் வீடுகள் உண்டு. போட்டால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

வாடை பலமாக இருந்தால்

எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் போடத்தான் முதலில் கை போகும், அதில் வரும் பொறியே போதும். எரியும் நெருப்பு எதுவானாலும் அணைத்து, கதவு ஜன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூட முடிந்தால் மூடி, எல்லோரும் வெளியே வாருங்கள். மெயின் ஸ்விட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் அணைக்கலாம். போனை வெளியே வந்தபின் எடுங்கள். 1906, தீப்பிடித்தால் 101 அல்லது 112.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேட்டதால் இன்னும் சில.

வாஷரை ஹார்டுவேர் கடையில் வாங்கி நாமே போடலாமா? ஒருவர் போட்டிருக்கிறார், அளவு சரியில்லாமல் முன்னைவிட அதிகமாகக் கசிந்ததாம். நான் போட மாட்டேன். ஊசிக்குப் பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவரை விடுகிற வேலை அது.

கேஸ் தீரும் சமயத்தில் மட்டும் வாடை வருகிறதே? கேஸுக்கு இயல்பாக வாசம் கிடையாது. கசிந்தால் தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். அது கேஸைவிட மெதுவாக ஆவியாகும் என்பதால் அடியில் தங்கி, கடைசியில் தூக்கலாக வரும். அதற்காகக் கசிவே இல்லை என்று நினைத்துவிடாமல் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அலாரம் வாங்கலாமா? மூக்கு மழுங்கிய பெரியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் ஒருவர் அதை லாஃப்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதாகப் படம் அனுப்பியிருந்தார். சிலிண்டர் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையில்தான் படியும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் மாட்டினால்தான் அது கத்தும்.

சிலிண்டரை மேடைக்கடியில் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கலாமா? அடியில் காற்று போக வழி வேண்டும், கசிந்தால் அத்தனையும் அங்கேயே தேங்கும். எங்கள் அலமாரியில் ஓட்டை போட ஆள் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா அதற்குள் கதவையே கழற்றச் சொல்லிவிட்டார். அது இப்போது மொட்டை மாடியில் வடாம் காய வைக்கிற பலகை.